நாற்பத்து மூன்றாவது புத்தகம்

செங்கல்பட்டு,
16.11.2025, ஞாயிறு.

அன்பு மகள் ரேணுகாவுக்கு,

இங்கு நானும் உன் அம்மாவும் உடம்புக்குப் பெரிய குறை எதுவும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஹேமந்தும் குழந்தை வைஷாலியும் அதேபோல இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. வாரம் இரண்டு முறை போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். அம்மாவும் அதைத்தான் கேட்டாள். "இன்னாங்க, போன்ல அவ மூஞ்சியே தெரியுது, நீங்க இன்னாடான்னா தபாலாபீஸுக்குப் போறேன்றீங்க" என்றாள். போனில் சொல்லக்கூடியதாக இருந்தால் சொல்லியிருப்பேன். உன் முகம் தெரிகிற நேரத்தில் என்னால் சொல்ல முடியாத ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. மூன்று முறை தொடங்கிக் கிழித்துப் போட்டேன். இது நான்காவது. இதிலும் அடித்தல் திருத்தல் இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்திகள். இங்கே மழை நன்றாகப் பெய்தது, கொலவாய் ஏரி ரயிலில் போகிறவர்கள் எழுந்து நின்று பார்க்கும் அளவுக்கு நிரம்பியிருக்கிறது. ஆகஸ்டில் அறுவை செய்த என் வலது கண் தெளிந்துவிட்டது, சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், எழுத்து முன்பைவிடக் கறுப்பாகத் தெரிகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி படி ஏறும்போது மட்டும். உன் மாமா மகன் ரமேஷ் படூரில் பதினோராவது மாடியில் வீடு வாங்கியிருக்கிறான், புதுமனைக்குப் போயிருந்தோம், பால்கனிப் பக்கம் நான் போகவில்லை, அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் ஊரில் பனி தொடங்கிவிட்டது என்றாய். வைஷாலிக்குக் காது மூடும் குல்லா இல்லாமல் வெளியே அனுப்பாதே, அவளுக்கு இளைப்பு வருவது என் பக்கத்து வழி. காருக்குக் குளிர்காலச் சக்கரம் மாற்றியாகிவிட்டதா என்று மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகக் கேள்.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன். சுற்றி வளைத்தால் மறுபடியும் கிழித்துவிடுவேன் என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ரேணு, உன்னோடு ஒன்பதாம் வகுப்பில் படித்த மோசஸ் நூலகப் புத்தகத்தைத் திருடவில்லை. அவன் அதைச் சரியான நாளில் என் கையில் கொடுத்தான். கொடுக்கவில்லை என்று உன்னிடம் சொன்னது நான். அது பொய்.

அக்டோபர் ஐந்தாம் தேதி நீ பேசியது நினைவிருக்கிறதா? ஜனவரியில் மாமல்லபுரத்தில் உங்கள் பத்தாம் வகுப்புக்காரர்கள் எல்லோரும் கூடப் போகிறோம், அதற்காகவே டிக்கெட் போட்டுவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னாய். வாட்ஸப் குழுவில் மோசஸைச் சேர்த்ததும் யாரோ, "டேய் லைப்ரரி, வரும்போது அந்த புக்க எட்த்துகினு வாடா, ஃபைன் நாங்க கட்டிடறோம்" என்று போட்டார்களாம், நீயும் சிரிப்புப் பொம்மை ஒன்று போட்டாயாம், அவன் உடனே குழுவை விட்டுப் போய்விட்டானாம். "ஒரு ஜோக்குக்குப் போய் இப்படியாப்பா" என்று கேட்டாய். பிறகு நீயே, அந்தப் புத்தகத்தில் வரும் கதையை வைஷாலிக்குக் காரில் போகும்போது சொல்வதுண்டு, ஆனால் பாதிக்கு மேல் தெரியாததால் தினமும் ஒரே இடத்தில் நிற்கிறது, கடைசியில் கடல் கிடைத்ததா இல்லையா என்று இன்றுவரை தெரியாது என்றாய். நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அது 2002 மார்ச். நான் கிளை நூலகராக இருந்த அந்தச் சின்னக் கட்டடத்தில் 'கடல் போன வழி' என்ற நீல அட்டைப் புத்தகம் ஒன்று இருந்தது. வெளிநாட்டில் நூறு வருஷத்துக்கு முன் எழுதிய அறிவியல் சாகச நாவல், தமிழில் தொள்ளாயிரத்து முப்பத்தாறு பக்கம், யாரும் தொட மாட்டார்கள். நீங்கள் இரண்டு பேரும்தான் தொட்டீர்கள். ஒரு வாரம் உன் அட்டையில், மறு வாரம் மோசஸ் அட்டையில் என்று அது மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. உனக்கு அடையாளம் ஒரு புள்ளி, அவனுக்கு ஒரு சிறு கோடு, இருவரும் பென்சிலால் அத்தியாய முடிவில் போடுவீர்கள். நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்று நான் பத்து முறை சொல்லியும் கேட்கவில்லை. எனக்கு அதில் கோபம்கூட இல்லை. ஆனால் ஒரு நாள் பேப்பர் மேஜையில் உட்கார்ந்திருந்த நம் சொந்தக்காரன் ஆனந்தன் தலையைத் தூக்காமலே, "இன்னா மாமா, ஊர்ல வேற புக்கே கெடிக்கலயா? ஒன்னயே ரெண்டு பேரு மாத்தி மாத்தி எட்த்துகினு போறாங்களே. அப்டி இன்னாதான் கீது அதுல?" என்றான். மேஜையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சனிக்கிழமை மோசஸ் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். வழக்கம்போலப் பக்கங்களைப் புரட்டிச் சரிபார்த்தேன். 412ஆம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், "கேப்டன் திரும்பிப் போயிருக்கணும். நீ இன்னா சொல்ற ரேணு?" என்று எழுதியிருந்தது.

அதில் ஒரு தவறும் இல்லை. ஒரு பிள்ளை கதையைப் பற்றி இன்னொரு பிள்ளையிடம் கேட்ட கேள்வி. அன்றைக்கும் எனக்கு அது தெரிந்தது. ஆனாலும் அவர்கள் இருக்கும் தெரு எது, நாம் இருக்கும் தெரு எது, அவனுடைய தாத்தா உன் தாத்தாவின் நிலத்தில் கூலிக்கு வந்தவர் என்பதெல்லாம் என் மனத்தில் இருந்தது. இல்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, எழுதினால் அது என் இரண்டாவது பொய்ப் பதிவாகிவிடும். உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. அவனைக் கண்டிக்க நியாயம் இல்லை. அந்த வாரம் வருஷாந்திர இருப்புச் சரிபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. கரையான் அரித்தது, பக்கம் உதிர்ந்தது என்று நீக்க வேண்டிய புத்தகங்களுக்குப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன், நாற்பத்திரண்டு இருந்தது. நாற்பத்து மூன்றாவதாக இதை எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'சிதைந்தது' என்று எழுதினேன். முதல் பக்கத்தில் 'நீக்கம் செய்யப்பட்டது' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினேன். முப்பத்து மூன்று வருஷ வேலையில் நான் எழுதிய ஒரே பொய்ப் பதிவு அது. யாரும் கேட்கவில்லை, பட்டியல் மேலே போய் அப்படியே ஒப்புதலாகி வந்தது.

திங்கட்கிழமை நீ வந்து, "மோசஸ் குட்த்துட்டானாப்பா?" என்று கேட்டாய். நான் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. "இன்னும் தரவில்லை" என்று வாயில் வந்துவிட்டது. அடுத்த வாரமும் கேட்டாய், "தரவில்லை, வைத்துக்கொண்டான் போலிருக்கிறது" என்றேன். மறுநாள் பள்ளியிலிருந்து வந்ததும் நீ சொன்னதை நான் மறக்கவே இல்லை. நீ எல்லோர் முன்னாலும் புத்தகம் எங்கே என்று கேட்டாயாம், சனிக்கிழமையே சார் கையில் கொடுத்துவிட்டேன் என்று அவன் சொன்னானாம், "அப்போ எங்கப்பா பொய் சொல்றாரா?" என்று நீ கேட்டாயாம், அவன் அதற்குமேல் வாயே திறக்கவில்லையாம். பெருமையாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய். அன்றிலிருந்து அவன் பெயர் 'லைப்ரரி'. பாலிடெக்னிக் போகிற வரைக்கும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று இப்போது தெரிந்துகொண்டேன். நீயும் அதற்குப் பிறகு கதைப் புத்தகம் கேட்கவில்லை. பரீட்சைக்கு நல்லதுதான் என்று நான் சமாதானம் செய்துகொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. மோசஸின் அப்பா ஜான்சன் ஒரு நாள் நூலகத்துக்கு வந்தார். வேலைக்குப் போகிற சட்டையை மாற்றி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார். நாற்காலி காலியாக இருந்தது, உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. "சார், எம்புள்ள புக்க எட்த்துட்டான்னு இஸ்கூல்ல பேசிக்கிறாங்க. அவன் குட்த்துட்டேன்றான். நீங்க பாத்து ஒரு வார்த்த சொன்னா போதும் சார்" என்றார். பதிவேடு என் முழங்கைக்குக் கீழேயே இருந்தது. "ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். சரி சார் என்று போய்விட்டார். அவர் மறுபடி வரவில்லை, நான் போய்ச் சொல்லவும் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் எதிரே வந்தால் நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன்.

உன் போன் வந்த ஆறாம் நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மோசஸின் போன் நம்பர் வாங்கத்தான் போனேன், அதற்கே தெரு முனையில் அரை மணி நேரம் நின்றேன். அவனுடைய அம்மா சாராள் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "யாரு, லைப்ரரி சாரா? இன்னா சார், இப்பதான் ரெஜிஸ்டர பாத்தீங்களா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, ரேஷன் கடை திறந்துவிட்டதா என்று கேட்பதுபோலக் கேட்டார். பிறகு, "அவரு போயி நாலு வருசம் ஆவுது. எப்ப இந்தப் பேச்சு வந்தாலும், சார் பாத்து சொல்றேன்னு சொல்லிகீறாரு, சொல்லுவாரு, நீ சும்மா இரு அப்டீன்னுவாரு" என்றார். நான் நம்பரை எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். சொல்ல வேண்டியதை அன்றும் சொல்லவில்லை.

மோசஸ் நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் வேலை செய்கிறார். (முதலில் அவன் என்று எழுதி அடித்துவிட்டேன், இனி அவர்.) திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் இன்னொரு பேருந்து பிடித்துப் போனேன். வீடு ஆலையிலிருந்து நடக்கிற தூரம். அவருடைய மனைவி பிரிசில்லா தேநீர் கொடுத்தார். நான் என் கண் அறுவையைப் பற்றிப் பேசினேன், கடலை எப்படிக் குடிதண்ணீராக்குகிறார்கள் என்று கேட்டேன், மழையைப் பற்றிப் பேசினேன். வந்த காரியத்தை மட்டும் சொல்லவில்லை. அவர் எழுந்து போய் நீல அட்டைப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நீக்கிய புத்தகங்களை மூட்டை கட்டி மீன்பாடி வண்டியில் ஏற்றியபோது கிழிந்த மூலையில் நீல அட்டை தெரிந்ததாம், சைக்கிளில் வண்டி பின்னாலேயே போய்ப் பழைய பேப்பர்க் கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கினாராம். முதல் பக்கத்தைத் திருப்பி, "கையெத்து உங்களுதுதானே சார்?" என்றார். ஆமாம் என்றேன். முத்திரையையும் தேதியையும் பார்த்த அன்றைக்கே பதினான்கு வயசில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உனக்குக் காட்ட நம் வீட்டுக்கு இரண்டு முறை வந்திருக்கிறார். பள்ளியில் காட்டியிருக்கலாமே என்று கேட்டேன். "காட்டிருந்தா உங்க பேருல்ல சார் போயிருக்கும். ரேணு உங்கள பத்தி அவ்ளோ பெருசா பேசுச்சு. வூட்டுக்கு வந்து அதுகிட்ட மட்டும் சொல்லலாம்னு பாத்தேன், முடியல, வுட்டுட்டேன்" என்றார்.

பிறகு அவரே பேச்சை மாற்றி, "நீங்க இத்த படிச்சிகீறீங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். "அதான். படிச்சிருந்தா இத்த தூக்கிப் போட்ருக்க மாட்டீங்க. அதுல கடலு எங்க போச்சுன்னு தேடிகினு போறானுங்க, நான் இங்க தெனம் அத்த பைப்புல ஏத்தி மெட்ராஸுக்கு அனுப்பிகினு கீறேன்" என்று சிரித்தார். எடுத்துப் போய்ப் படியுங்கள் என்றார். தயங்கினேன். "பதினஞ்சு நாளு டயம். லேட்டானா நான்தான் ஃபைன் போடுவேன்" என்று கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த பழைய தவணைச் சீட்டில், உன் தேதிகளுக்கும் அவர் தேதிகளுக்கும் கீழே, பேனாவால் அன்றைய தேதியை எழுதிக் கொடுத்தார். வாழ்க்கை முழுக்க மற்றவர்களுக்குத் தேதி போட்டுக் கொடுத்தவன் நான். எனக்கு ஒருவர் போட்டுக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அக்டோபர் பதினைந்தாம் தேதி படிக்கத் தொடங்கினேன். காலை காபிக்குப் பிறகு பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை, நாளுக்கு முப்பத்தைந்து நாற்பது பக்கம். பெயர்கள் மறந்துவிடும் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன், அம்மா பார்த்துவிட்டு, "இன்னாங்க, கதை படிக்கிறீங்களா, இல்ல பரிச்சைக்குப் போறீங்களா?" என்றாள். தொடக்கம் உனக்குத் தெரியும், ஒரு காலையில் மீன்பிடிக்கிறவர்கள் கரைக்கு வருகிறார்கள், கடல் இல்லை, படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன. மரீதா என்ற பெண் கேப்டன் பதினாலு பேரை இரும்பு ஆமை என்கிற வண்டியில் ஏற்றிக்கொண்டு, கடல் போன வழியைத் தேடிக் கடல் தரையில் இறங்குகிறாள். மொழிபெயர்த்தவரின் தமிழ் முதலில் கரடுமுரடாக இருந்தது, நூறு பக்கம் போனதும் அந்த வண்டியின் குலுக்கலுக்கு அதுதான் சரி என்று பட்டது. அவர்கள் எடுத்துப்போகும் சாமான்களின் பட்டியல் ஆறு பக்கம் வருகிறது, நீ அதைத் தாண்டிப் போயிருப்பாய், எனக்கு அது மிகவும் பிடித்தது. உப்பின் வகைகளைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது, அதன் முடிவில் உன் புள்ளி கொஞ்சம் அழுத்தமாக இருக்கிறது, கோபத்தில் வைத்தாயா? ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் உன் புள்ளியும் அவருடைய கோடும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே போனேன். என் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கியிருக்கிறேன். இரண்டு பிள்ளைகள் ஒரு புத்தகத்துக்குள் சேர்ந்து நடப்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பார்த்தேன்.

297ஆம் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நாலு நாள் தொடவில்லை. வரைபடம் போடும் ஓர்லன் என்றொருவன் வருகிறானே, ஒழுங்கானவன், பயந்தவன், பள்ளத்தில் இறங்க அவனுக்கு நடுக்கம், அதனால் இல்லாத செங்குத்துப் பாறை ஒன்றை வரைபடத்தில் வரைந்துவிடுகிறான். எல்லோரும் அவன் வரைபடத்தை நம்பிச் சுற்று வழியில் திரும்புகிறார்கள். முன்னால் வேவு பார்க்கப் போன தேவோ என்கிற வாலிபன் அந்தப் பக்கம் தனியாக நின்றுவிடுகிறான். அவன் பக்கம் தவறில்லை, ஆனால் அவன்தான் கட்டளையை மீறி ஓடிப்போனான் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள், ஓர்லன் பென்சில் சீவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறான். நான் எழுந்து போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். மழை பெய்துகொண்டிருந்தது, அதைக்கூடக் கவனிக்கவில்லை.

மறுபடி எடுத்தபோது எனக்குக் கடல் கிடைப்பதில் அக்கறை போய்விட்டது. ஓர்லன் எப்போது மாட்டுவான், அல்லது எப்போது வாய் திறப்பான் என்பதற்காகவே படித்தேன். 398ஆம் பக்கத்தில் உன் கடைசிப் புள்ளி. 412இல் அந்தக் கேள்வி. இப்போதுதான் அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்தேன். தேவோவைத் தேடித் திரும்புவதா, மேலே போவதா என்று கேப்டன் முடிவு செய்ய வேண்டிய இடம். அவள் மேலே போகிறாள். திரும்பிப் போயிருக்க வேண்டும் என்று பதினான்கு வயசுப் பிள்ளை எழுதியிருக்கிறான். அவனை விட்டுவிட்டு மேலே போன பெரிய மனிதன் நான். அதற்குப் பிறகு புள்ளிகள் இல்லை, கோடுகள் மட்டும், பென்சிலில், நீல மையில், கறுப்பு மையில் என்று வெவ்வேறு வயசில் ஏழு முறை படித்திருக்கிறார். கேள்விக்குக் கீழே கொஞ்சம் இடம் அப்படியே காலியாக இருக்கிறது. ஓர்லனுக்கு என்ன ஆனது தெரியுமா? ஒன்றும் ஆகவில்லை. 688ஆம் பக்கத்தில் ஒரு பென்சில் கேட்கிறான், அதற்குப் பிறகு எழுதினவர் அவனை மறந்தே போய்விட்டார். நான் நோட்டில் தேடித் தேடிப் பார்த்தேன், பெயரே இல்லை. தண்டனையும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அவ்வளவு பெரிய புத்தகத்தில் எனக்கென்று ஒரு பக்கம்கூட எழுதி வைக்கவில்லை என்றதும், என் பக்கத்தை நான்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

போன வியாழன் படித்து முடித்தேன், இதற்குள் இரண்டு முறை போன் செய்து தவணையை நீட்டிக்கொண்டேன். அன்றே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "அந்தப் புள்ள ரெண்டு தபா நம்ம வாசலாண்ட வந்து நின்னுச்சு. ரேணு வூட்ல இல்லன்னு நான்தான் வெரட்னேன். புக்க திருடிட்டான், வந்தா உள்ள வுடாதன்னு அன்னிக்கி நீங்க சொன்னீங்கன்னு செஞ்சேன். உங்க பொய்க்கு என் வாயக் கூலிக்கு எட்த்துகினீங்க, அப்டித்தானே?" என்றாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வேளாவேளைக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை சாராள் வீட்டுக்கு மறுபடி போனேன். "ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டேன் அம்மா. உங்கள் மகன் புத்தகத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டான். தவறு என்னுடையது" என்றேன். அவர், "எங்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? கேட்டது அவருதானே" என்று சுவரைக் காட்டினார். மாலை போட்ட படத்தில் ஜான்சன் அதே வெள்ளைச் சட்டையில் இருந்தார், அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தேன். படத்துக்கு முன்னால் நின்று அந்த வார்த்தைகளையே முதலிலிருந்து மறுபடி சொன்னேன். சாராள் எனக்கு உட்கார நாற்காலி போட்டார். இருபத்து மூன்று வருஷம் ஒரு மனிதரை என் ஒரு வார்த்தைக்காகக் காக்க வைத்தேன், அதில் பத்தொன்பது வருஷம் அவர் உயிரோடு இருந்தார், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தார். அதைத் திருத்த என்னிடம் வழி இல்லை.

புத்தகத்தில் திருத்த மட்டும் வழி இருந்தது. பதிவேட்டில் தவறான பதிவை அழிக்கக் கூடாது, மேலே தாள் ஒட்டி மறைக்கவும் கூடாது, படிக்கத் தெரியும்படி சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும் என்பது எங்கள் விதி. நேற்று காலை சிவப்புப் பேனா வாங்கி வந்து, முதல் பக்கத்தில் என் முத்திரையின் மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் எழுதியிருப்பதை உனக்கு இங்கே எழுத மாட்டேன். செவ்வாய்க்கிழமை மோசஸுக்கு விடுமுறை, அன்று நெம்மேலிக்குப் போய்ப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிடுவேன், அது அவருடையது.

உன்னிடம் நான் கேட்பது இரண்டு. குழுவில் இருக்கும் எல்லோருக்கும் உண்மையைச் சொல்லிவிடு. இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அப்படியே போட்டாலும் எனக்குச் சம்மதம், என் பெயரை மறைக்காதே. அதைச் செய்ததும் நீயே அவருக்குப் போன் செய், நம்பர் உறையின் உள்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நீ அன்றைக்குச் சொன்னதற்கு நீ பொறுப்பில்லை, அப்பாவை நம்பினாய், அவ்வளவுதான். என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும், அது உன் நியாயம், ஜனவரியில் நேரில் வந்து திட்டு. விமான நிலையத்துக்கு நான் வர வேண்டாம் என்றால் அம்மாவிடம் சொல்லிவிடு, ரமேஷ் வருவான்.

வைஷாலியின் கதை இனிப் பாதியில் நிற்க வேண்டியதில்லை. கடைசியில் கடல் கிடைத்ததா என்று எனக்கு இப்போது தெரியும். அதைச் சொல்கிற உரிமை எனக்கு இல்லை என்பதால் எழுதாமல் விடுகிறேன். புத்தகம் மோசஸிடம் இருக்கிறது, கேட்டு வாங்கிப் படி, பதினைந்து நாளுக்குமேல் வைத்துக்கொள்ளாதே, அவர் கண்டிப்பானவர். 412ஆம் பக்கத்துக் கேள்விக்குக் கீழே இடம் இருக்கிறது. பென்சிலால் எழுது. நூலகர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், மனத்தில் பாரம் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் வேண்டிக்கொள்கிறோம். குழந்தைக்குக் குல்லாவை மறக்காதே.

உன் அப்பா,
மு. காசிநாதன்